உள்ளறைக்குப் பத்து மில்லிமீட்டர்

தென்காசியில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் பொம்பளைப் பக்கம் படம் எடுக்க சஃப்ரினைத்தான் கூப்பிடுவார்கள். கடையநல்லூர், செங்கோட்டை, புளியங்குடி என்று எட்டு வருஷத்தில் அவள் நுழையாத உள்ளறை கிடையாது. உள்ளறை என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையும் கூட்டாளிகளும் சொந்தக்கார ஆம்பிளைகளும் பெண் வீட்டுக்கு வந்து முன்கட்டை நிறைத்துக்கொள்வார்கள். பெண்ணும் அவளைச் சுற்றி முப்பது நாற்பது பொம்பளைகளும் ஒரு படுக்கையறைக்குள் அடைந்து கிடப்பார்கள். பத்தடிக்குப் பதினாலடி அறை. அதற்குள் ஒரு கட்டில், ஒரு பீரோ, போதாக்குறைக்குச் சீர்ச் சாமான்கள். கதவு எப்போதும் சாத்தியிருக்கும்.

அந்த அறைக்குள் வேறு யாரும் படம் எடுக்கக் கூடாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, வருகிறவர்களின் போனை எல்லாம் வாங்கிப் போட்டுவிடுவார்கள். யாரோ ஒருத்தி போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்து, அது துபாய் வரைக்கும் போய், அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போன கதை இந்த ஊரில் நாலைந்து உண்டு. அதனால்தான் கூடை. சஃப்ரினின் கேமராவுக்கு மட்டும் விலக்கு. அவள் எடுத்தது வெளியே போகாது என்று அத்தனை பேரும் நம்பினார்கள். ஆகவே அந்த அறைக்குள் ஒரு முகம் படத்தில் விழுவதும் விழாமல் போவதும் அவள் ஒருத்தி பொறுப்பு.

லேசுப்பட்ட காரியமா அது? ஆம்பிளைப் பக்கம் எடுக்கிற விஜயசங்கர், ஆட்கள் படத்துக்குள் அடங்கவில்லை என்றால் நாலடி பின்னால் போவார். முற்றம் இருக்கிறது, தெரு இருக்கிறது, எதிர்த்த வீட்டுப் படிக்கட்டு இருக்கிறது. சஃப்ரினுக்கு முதுகுக்குப் பின்னால் கதவுதான். கதவைத் திறந்தால் ஆம்பிளைகள். பின்னால் போக இடம் இருக்கிறவனுக்கு எந்த லென்ஸும் போதும். இடம் இல்லாதவளுக்குத்தான் அகலமாகப் பார்க்கிற லென்ஸ் வேண்டும். இந்தச் சின்ன விஷயம் படித்தவன் மண்டையிலும் ஏறுவதில்லை.

அவளுமே இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். தொழிலுக்கு வந்த புதிதில் எவனோ ஒருத்தன் வீடியோவில் இருபத்துநாலு மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் கல்யாண வீடே அடங்கும் என்று அடித்துச் சொன்னான். நம்பி வாங்கிக்கொண்டு செங்கோட்டையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனாள். கண்ணை வைத்துப் பார்த்தால், நடுவில் பெண், இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் அரை ஆள். கேமராவுக்குள் படம் விழுகிற தகடுதான் சென்சார்; அவன் வைத்திருந்தது பெரிய சென்சார் கேமரா, அவளுடையது சின்ன சென்சார். லென்ஸில் எண் கூடக் கூடப் பார்வை குறுகும்; சின்னதில் மாட்டினால் அந்த இருபத்துநாலு, பெரியதில் முப்பத்தெட்டு பார்க்கிற அளவுக்குத்தான் பார்க்கும். ஒன்று புள்ளி ஆறால் பெருக்க வேண்டும் என்று அந்தப் பாவி வாயைத் திறந்து சொல்லவில்லை. அன்றைக்குப் பட்ட அசிங்கத்துக்கு அப்புறம் எந்த லென்ஸைக் கண்டாலும் அவள் மனசு தானாகப் பெருக்கிப் பார்த்துவிடும்.

விஜயசங்கரிடம் பத்து மில்லிமீட்டரில் இருந்து பதினெட்டு வரைக்கும் திருகுகிற பத்துக்குப் பதினெட்டு லென்ஸ் ஒன்று இருந்தது. சின்ன சென்சாருக்கென்றே செய்தது. அவர் பெரிய கேமராவுக்கு மாறிய பிறகு அது பைக்குள் சும்மா கிடந்தது. உள்ளறை வேலை வரும்போதெல்லாம் சஃப்ரின் அதைத்தான் இரவல் வாங்கிப் போவாள். பத்தில் வைத்தால் அறை முழுக்க விழும். ஓரத்தில் நிற்கிறவர்களைக் கொஞ்சம் இழுத்து அகலமாக்கிவிடும் என்பதால் ஒல்லியான பெண்களை ஓரத்துக்கும் கனத்த சரீரங்களை நடுவுக்கும் தள்ளுவாள். "என்னை மட்டும் நடுவுல நிக்கச் சொல்லுதா பாத்தியா, அவளுக்கு மரியாதை தெரியும்" என்று பெரிய மனுஷிகள் பூரித்துப்போவார்கள். சஃப்ரின் சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

இத்தனை பேரைப் படம் பிடித்தவளின் சொந்தக் கல்யாண ஆல்பத்தில் அவளைப் பெற்றவள் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வீரகேரளம்புதூரில் நடந்த கல்யாணம். எடுத்தவன் ஆம்பிளை. வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நடுவீட்டை நிறைத்துக்கொண்டார்கள். உம்மா ரஹ்மத்துன்னிசா பீடி சுற்றி மகளை வளர்த்தவள். வெளிநாட்டில் சம்பாதிக்கிற சபுராளி வீட்டுப் பொம்பளைகளோடு நாம் எங்கே போய் நிற்பது என்று பின்கட்டில் தேங்காய் திருவிக்கொண்டே இருந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த சஃப்ரினும் கூப்பிடவில்லை. அந்த ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். கேமராவைக் கையில் எடுத்ததே அந்த எரிச்சலில்தான்.

இப்போது புருஷனின் அக்கா ஜொகரா வீட்டில் கல்யாணம். ஜொகராவின் மகள் ஷிஃபாதான் பெண். சஃப்ரின் உம்மாவுக்குப் போன் போட்டாள்.

"இந்தத் தடவை நாந்தான் எடுக்கேன். நீ ஷிஃபாவுக்குப் பக்கத்துல நிக்கே, பாத்துக்கிடு. அந்த வீட்டுப் பொம்பளைக அத்தன பேரோடயும் நீ ஒரு படத்துல இருக்கணும்."

"எனக்கு என்னத்துக்குளா படம்? இந்த வயசுல படம் எடுத்து எங்கன தொங்கவிடப் போறேன்?"

வேண்டாம் என்றவள் அடுத்த வாரமே அவளாகக் கூப்பிட்டு, "பச்சைச் சேலை படத்துல நல்லாத் தெரியுமா, நீலமாளா?" என்று கேட்டாள். சஃப்ரின் பச்சையே கட்டு என்றாள்.

கல்யாணத்துக்கு லீவில் வர இருந்த புருஷன் ஆதம் வளைகுடாவில், தம்மாமில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். நல்ல மனுஷன். வேண்டியதை வாங்கிப் போடுவதில் குறை வைக்கமாட்டான். குறையெல்லாம் கேட்டதை வாங்கமாட்டான் என்பதுதான். டார்ச் கேட்டால் எமர்ஜென்ஸி லைட் வரும். சோப்பு கேட்டால் சென்ட் வரும். சபுரில் இருக்கிறவன் கேட்டதையே வாங்கி வந்தால் அவனுக்கு என்ன பெருமை? சஃப்ரின் இதெல்லாம் தெரிந்துதான் லென்ஸின் படத்தை எடுத்து, பத்துக்குப் பதினெட்டு என்று வட்டம் போட்டு, "இதுதான், வேற எதுவும் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் மூன்று தடவை அனுப்பினாள். "சரிளா, எனக்குக் கண்ணு இல்லையா?" என்று வாய்ஸ் வந்தது.

ஜூலை மாதம், நல்ல சாரல். ஆதம் வந்திறங்கி, கூடத்தில் ஜொகரா உள்பட அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, பெட்டியின் கயிற்றை அறுத்தான். பால் பவுடர், தைலம், கம்பளி எல்லாம் வெளியே வந்து, கடைசியில் துணியில் சுற்றி வைத்த ஒன்று வந்தது. கையில் வாங்கியதுமே சஃப்ரினுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கனம் சரியில்லை. பிரித்தாள். சிவப்பு வளையம் போட்ட பெரிய லென்ஸ். பதினாறுக்கு முப்பத்தைந்து.

"மச்சான், நான் கேட்டது இது இல்லையே" என்றாள் மெல்ல.

"நீ கேட்டதைக் கடைக்காரன் எடுத்துக் காட்டுனான். கையில வச்சா பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருக்கு. என் பொண்டாட்டிக்கு இதையா கொண்டு போறதுன்னு வச்சுட்டேன். இதுதான் இருக்கதுலயே பெருசு. இங்கன தென்காசியில எவன்ட்டயாவது இருக்கா சொல்லு பாப்போம்!"

"எப்பா! என்ன தம்பி, குண்டு மாதிரில்லா இருக்கு" என்று ஜொகரா அதை வாங்கி இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். "குடுத்து வச்சவ நீ" என்றாள். கூடம் முழுக்க சஃப்ரினையே பார்த்தது. சஃப்ரின் சிரித்தாள். வேறு என்ன செய்ய?

மறுநாள் காலையில் அடுப்படியில் பூரிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆதம் டீக்கு வந்து நின்றான். சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தேய்த்த மாவைப் பலகை நிறைய அகலமாக விரித்து, நடுவில் ஒரு டப்பா மூடியை வைத்து அமுக்கினாள்.

"இங்க பாருங்க மச்சான். லென்ஸு உள்ள அனுப்புத படம் இந்த மாவு மாதிரி. பெரிய கேமராவுல பெரிய மூடி இருக்கு, அம்புட்டையும் எடுத்துக்கிடும். என் கேமராவுல சின்ன மூடி. இந்த நடுவுல உள்ளது மட்டுந்தான் எனக்கு. சுத்தி உள்ளதெல்லாம் வெளியில கெடக்கும். நீங்க கொண்டாந்தது பெரிய மூடிக்காரனுக்குச் செஞ்சது."

"அதுல பதினாறுன்னு எழுதியிருக்கு. எழுதுனவன் பொய்யா எழுதுவான்?"

"பொய் இல்ல. பதினாறுதான். ஆனா என் கேமராவுல பாத்தா பெருசுல இருவத்தாறு பாக்குத மாதிரிதான் பாக்கும். அந்த இருவத்துநாலுக்கு அப்புறம் வாங்கி, என்ட்ட ஏற்கெனவே கெடக்குத பழசு பதினெட்டு. அதுக்கும் இதுக்கும் ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர். பத்துன்னாத்தான் உள்ளறை அடங்கும்."

ஆதம் டீயைக் கீழே வைத்தான். "ஒரே சாமான் அவனுக்கு ஒரு மாதிரியும் ஒனக்கு ஒரு மாதிரியும் காட்டுமோ? ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்கேன். வாங்கிக் கொடுத்தா சந்தோசமா வாங்கிக்கிடத் தெரியணும்." அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அதுதான் அவளை அடித்துப்போட்டது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். டப்பா மூடியை எடுத்துவிட்டு மாவை மறுபடி உருட்டினாள்.

சரி, வழக்கம்போல விஜயசங்கரிடம் இரவல் வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தாள். அவரும், "நானும் அங்கதானம்மா வாரேன், பையிலயே போட்டுக் கொண்டாரேன், வேணும்னா ஒரு வார்த்தை சொல்லி விடு" என்றார். பேசியதை ஆதம் கேட்டுவிட்டான். "என் அக்கா மவ கல்யாணத்துல இன்னொருத்தன்ட்ட இரவல் வாங்கியா எடுப்பே? அப்பம் நான் கொண்டாந்தது என்ன, அம்மிக்கல்லா?" அவள் சிவப்பு வளைய லென்ஸையே கேமராவில் மாட்டிக்கொண்டாள். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். இந்தக் கதையே வேண்டியிருக்காது.

கல்யாணத்தன்று விடாத சாரல். முற்றத்தில் நிற்க வைத்து எடுக்கலாம் என்ற நினைப்பிலும் மண். உம்மா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பச்சைச் சேலை, புதுசாகத் தைத்த ஜாக்கெட், தலையில் முக்காடு. முகத்துக்கு லேசாகப் பவுடர்கூடப் போட்டிருந்தாள். விரல் நுனியில் பீடி இலை ஏற்றிய கறை மட்டும் போகவில்லை. அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டே, "எங்கன நிக்கணும்?" என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டாள். சஃப்ரின் அவளை ஷிஃபாவின் வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மாப்பிள்ளையை உள்ளே அழைத்து வருவதற்கு முன்னால் பொம்பளைகள் மட்டுமாக ஒரு படம். அந்த வீட்டில் அதுதான் முக்கியமான படம். பெரிசாக்கிச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். சஃப்ரின் பிள்ளைகளைத் தரையிலும், வயசானவர்களைக் கட்டிலிலும், மற்றவர்களைக் கட்டிலுக்குப் பின்னால் நிற்கவும் வைத்தாள். கதவோடு கதவாக முதுகை ஒட்டினாள். தாழ்ப்பாள் முதுகுத்தண்டில் குத்தியது. பதினாறில் வைத்துப் பார்த்தாள். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நிற்கிற வரிசையில் பதினொரு பேர் விழுந்தார்கள். பழைய பதினெட்டில் பத்து பேர் விழுந்திருப்பார்கள். அவ்வளவு பெரிய சாமானைக் கடல் கடந்து கொண்டுவந்ததில் லாபம் ஒரு ஆள் நிற்கிற இடம்.

ஆனால் வரிசையில் பதினாலு பேர். ஜொகரா அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஏ பிள்ளைகளா, நீங்க ரெண்டு பேரும் தரையில உக்காருங்க. நீ கட்டில் முனையில இடிச்சுக்கோ." அப்புறம் ஷிஃபாவின் பக்கம் திரும்பி, "ரஹ்மத்தக்கா, நீங்க கொஞ்சம் அங்கிட்டு வாங்க, மாமியார்க்காரி நிக்கட்டும்" என்றாள். உம்மா நகர்ந்தாள். மாமியாருக்கு அடுத்து மாப்பிள்ளையின் அக்கா வேண்டும் என்றார்கள். உம்மா இன்னும் நகர்ந்தாள். சன்னல் ஓரம், பதினோராவது ஆள், கடைசி. பரவாயில்லை, உள்ளேதான் இருக்கிறாள். சஃப்ரின் உம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? பொம்பளைகள் வருகிற பின்வாசல் வழியாக மாப்பிள்ளையின் சித்தி, சாச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிற கடையநல்லூர்க்காரி, ஈரச் செருப்போடு வந்து நின்றாள். கூட்டம் விலகி வழி விட்டது. "சாச்சி வந்துட்டாவ, சாச்சி வந்துட்டாவ! வாங்க, இங்கன நில்லுங்க" என்று ஜொகரா அவளை வரிசைக்குள் செருகினாள். செருகின வேகத்தில் வரிசை இடது பக்கம் பிதுங்கியது. சஃப்ரின் கண்ணை வைத்தாள். உம்மாவின் முகத்தில் பாதியைக் காணோம்.

"நெருங்கி நில்லுங்க, இன்னும் கொஞ்சம்" என்றாள். நெருங்கினார்கள். சாய்ந்து நிற்கச் சொன்னாள். சாய்ந்தார்கள். கதவுக்குள் புகுந்துவிடுகிற மாதிரி முதுகை அழுத்தினாள். ஒரு விரல்கடை கூடக் கிடைக்கவில்லை. லென்ஸ் வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்தாள். பதினாறுக்குக் கீழே அதற்குப் போக வழியில்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு இடித்தது. ஆதம். "ஏளா, இன்னுமா முடியல? மாப்பிள்ளையைக் கூட்டிட்டு நிக்கேன்."

பதினைந்து அடி தூரம். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், முன்கட்டில், விஜயசங்கரின் பைக்குள் பத்து மில்லிமீட்டர் சும்மா கிடந்தது. 'மச்சான், சங்கரண்ணன்ட்ட அந்தச் சின்ன லென்ஸை வாங்கிக் கதவு வழியா நீட்டுங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நுனி நாக்கு வரைக்கும் வந்தது. நாற்பது பொம்பளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதம் கொண்டுவந்த லென்ஸ் உதவாது என்று நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் ஊருக்கும் தெரிந்துவிடும். அவன் முகம் எப்படிச் சுருங்கும் என்று அடுப்படியில் பார்த்தாயிற்று. மென்று விழுங்கினாள்.

"உம்மா, நீ செத்த தள்ளிக்கோ. அடுத்த படத்துல நிக்கலாம்."

சொன்னது அவள்தான். வேறு யாரும் இல்லை.

உம்மா சரி என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டுச் சன்னல் பக்கம் ஒதுங்கினாள். "அக்கா, அப்படியே அந்தத் திரையைப் பிடிச்சுக்கிடுங்க, வெளிச்சமாவது வரட்டும்" என்றாள் ஜொகரா. உம்மா திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாரலின் வெளிச்சம் பத்து பேர் மேலும் சாச்சி மேலும் நன்றாக விழுந்தது. சஃப்ரின் மூன்று தடவை அமுக்கினாள். உடனே கதவு திறந்தது, மாப்பிள்ளை வந்தார், முக்காடுகள் இழுபட்டன, குலவைச் சத்தம், கலைந்த கூட்டம். அடுத்த படம் என்று ஒன்று வரவே இல்லை. கல்யாண வீட்டில் எந்தக் காலத்தில் வந்திருக்கிறது? எட்டு வருஷமாக ஓரத்தில் நிற்கிறவர்களுக்கு அவள் சொல்லிவருகிற பொய்தான் அது. அன்றைக்குப் பெற்றவளிடமே சொன்னாள்.

பந்தி முடிகிற நேரத்தில் தேடினாள். சமையல்கட்டில் இல்லை, மாடியில் இல்லை. இலை எடுக்கிற பெண்தான் சொன்னாள்: "பச்சைச் சேலைக்காரவ அப்பமே போயிட்டாவளே. சாப்பிடச் சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாவ." சஃப்ரின் ஓடிப்போய்த் தெருவில் எட்டிப் பார்த்தாள். மழைதான் பெய்துகொண்டிருந்தது. கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவது எப்பேர்ப்பட்ட கோபம் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

மறுநாள் புதுமணத் தம்பதியோடு குற்றாலம் போனார்கள். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆதம் கேமராவைத் தானே வாங்கிக்கொண்டு, பின்னால், இன்னும் பின்னால், சிப்ஸ் கடை வரைக்கும் போய் நின்று எடுத்தான். அருவி முழுசும் விழுந்தது, ஆட்களும் விழுந்தார்கள். எல்லோரும் திரையை எட்டிப் பார்த்து ஆகா என்றார்கள். "பாத்தியா? லென்ஸுல ஒரு கொறையும் இல்ல. ஒனக்குத்தான் எடுக்கத் தெரியல" என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். மச்சினர்களும் சிரித்தார்கள். பின்னால் போக இத்தனை இடம் இருந்தால் கண் தெரியாதவன்கூட எடுப்பான் என்று சஃப்ரின் சொல்லவில்லை. அருவிச் சத்தத்தில் சொன்னாலும் கேட்டிருக்காது.

உள்ளறைப் படத்தைப் பெரிசாக்கிக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. ஜொகராவும் ஆதமும் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். அம்சமாக இருக்கிறது என்றாள் ஜொகரா. பிறகு விரலை வைத்து, "இது என்ன, ஓரத்துல யார் கையோ தெரியுது?" என்றாள்.

இடது ஓரத்தில், திரையைப் பிடித்தபடி, மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை. பச்சைச் சேலையின் கரை கொஞ்சம். நகத்தோரத்தில் கறை.

"அது எங்க உம்மா கை" என்றாள் சஃப்ரின்.

"அப்படியா" என்றாள் ஜொகரா. "கை மட்டும் தனியா இருந்தா நல்லாவா இருக்கும்? பாக்கவுக கேப்பாவல்லா."

"ஓரத்தை வெட்டிரு, அம்புட்டுத்தானே" என்றான் ஆதம்.

அவள் வெட்டினாள். ஒரு தடவை இழுத்துவிட்டால் முடிந்துபோகிற வேலை. கேமரா வெட்டியது போக மிச்சம் இருந்ததையும் வெட்டிக் கொடுத்தாள். படம் இப்போதும் ஜொகரா வீட்டுக் கூடத்தில் தங்கச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் அருமையான படம் என்கிறார்கள்.

உம்மா போன் எடுத்தால் பேசுவாள். சாப்பிட்டியா, மாப்பிள்ளை சுகமா, மழை உண்டா என்பாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வந்துட்டுப் போயேன்" என்றால், "பீடி கட்டு குடுக்கணும்" என்பாள். அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கும் வரவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் சஃப்ரினுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆதம் தம்மாம் திரும்பி ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஒருநாள் சஃப்ரின் சிவப்பு வளைய லென்ஸைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு விஜயசங்கரின் ஸ்டுடியோவுக்குப் போனாள். "அண்ணாச்சி, இதை நீங்க வச்சுக்கிடுங்க. உங்க பெரிய கேமராவுக்கு இது முழுசாப் பாக்கும். அந்தப் பத்தை எனக்குக் கொடுங்க."

விஜயசங்கர் பதறிப்போனார். "ஏம்மா, இது எங்க, அது எங்க? ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா?"

"அடுத்த லீவுல தெரியும். தெரியட்டும்" என்றாள். இந்த வாயை அன்றைக்குக் கதவோரம் திறந்திருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது.

அந்தப் பிளாஸ்டிக் லென்ஸை மாட்டிக்கொண்டு நேராக வீரகேரளம்புதூருக்குப் பஸ் ஏறினாள். உம்மா வீட்டில் ஒரே அறை. உள்ளறையில் பாதிகூட இல்லை. உம்மா சொளவு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தாள். சஃப்ரின் கதவோரம் நின்று கண்ணை வைத்துப் பார்த்தாள். அப்பா, என்ன அகலம்! அடுப்பு, கொடியில் காய்கிற துணி, சன்னல், இலைக்கட்டு, நடுவில் உம்மா. எல்லாம் அடங்கி, இன்னும் பத்து பேர் நிற்க இடம் இருந்தது.

"உம்மா, பச்சைச் சேலையைக் கட்டிட்டு வா. ஒரு படம் எடுக்கேன்."

"இப்பம் எதுக்கு?"

"அன்னைக்கு அந்த லென்ஸுல எடம் பத்தல உம்மா. அவுக மாத்தி வாங்கிட்டு வந்துட்டாவ. இது நல்ல அகலம். இதுல எல்லாரும் விழுவாவ." பேச்சு தானாக வேகம் பிடித்தது. பெரிய சென்சார், சின்ன சென்சார், ஒன்று புள்ளி ஆறு, பூரி மாவு, டப்பா மூடி என்று ஆதமிடம் சொன்னதை எல்லாம் உம்மாவிடமும் சொன்னாள். உம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். ஆதமைவிட அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

"அப்பம் கொறை லென்ஸுல."

"ஆமா உம்மா."

"தள்ளிக்கோன்னு லென்ஸா சொல்லிச்சு? நீதானளா சொன்னே."

உம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த இலைத் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்தாள். "ஒனக்கும் வேற வழி இருந்திருக்காது. எனக்குத் தெரியும். ஆனா அந்தச் சேலையை நான் அந்த வீட்டுல நிக்கதுக்குத்தான் எடுத்தேன். இங்கன தனியா நிக்கதுக்கு இல்ல."

அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். சஃப்ரின் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, கையில் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.